நீருக்குள் ஒரு மரக்கட்டை



வீட்டில் மீன் தொட்டி வைத்து வளர்க்கும் ஆர்வம் நம்மில் பலருக்கு உண்டு. கூழாங்கல்லும் நீர்ச்செடியும் உள்ள தொட்டியில், வளைந்து நெளிந்த மரக்கட்டை ஒன்றைக் கிடத்தினால் அழகு கூடும். சிறு மீன்கள் ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கும். வண்ணமீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் இதை ‘டிரிஃப்ட்வுட்’ என்பார்கள். ஆற்றில் அடித்து வந்த கட்டையைக் கொண்டு நாமே இதனைத் தயாரிக்கலாம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஆற்று மீனுக்கு நீர் ஒவ்வாவிட்டால் அது வேறிடம் நீந்திச் செல்லும். தொட்டி மீனுக்குப் போக்கிடம் இல்லை. கட்டையிலிருந்து எது கரைந்து இறங்கினாலும், அந்த நீரில்தான் அது மூச்சுவிட வேண்டும். ஆகவே கட்டையைப் பக்குவப்படுத்துவது அழகு வேலை மட்டுமன்று. உயிர் காக்கும் வேலையுமாகும்.

கட்டை மிதப்பது ஏன்?

மரத்தின் செல்சுவர்ப் பொருள் நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது. அப்படியானால் அது மூழ்கத்தானே வேண்டும்? காய்ந்த மரத்தின் நுண்ணறைகளில் காற்று நிறைந்திருப்பதால் அது மிதக்கிறது. காற்று வெளியேறி அவ்விடத்தில் நீர் புகுந்தால் கட்டை தானே அமிழும்.

நீரில் கிடந்தால் மரம் அழுகாதா?

நம் காஞ்சிபுரத்தில் இக்கேள்வி எல்லார் மனத்திலும் எழுந்த ஒன்று. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், நீராழி மண்டபத்தின் அடியில் அத்திமரத்தால் ஆன அத்திவரதர் திருவுருவம் வைக்கப்பட்டுள்ளது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது வெளியே எடுக்கப்படும். 1939, 1979 ஆகிய ஆண்டுகளை அடுத்து, 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள்கள் நடந்த விழாவில் மக்கள் திரண்டு வந்து தரிசித்தனர்.

மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுதும் மூழ்கிய மரத்திற்குப் பிராணவாயு குறைவாகவே எட்டும், அழுகலும் மெதுவாகும். 1628-இல் மூழ்கிய ‘வாசா’ என்னும் சுவீடன் நாட்டு மரக்கப்பல், 333 ஆண்டுகளுக்குப் பின் 1961-இல் பெரும்பகுதி கெடாமல் மேலே எடுக்கப்பட்டது. ஆனால் நம் தொட்டியில் காற்றுக்குழாய் ஓயாமல் குமிழி விடுகிறது. ஆதலால் மென்மரம் விரைவில் நைந்துவிடும். வைரம் பாய்ந்த கட்டையே நிலைக்கும்.

தேர்ந்தெடுத்தல்

நன்கு காய்ந்த புளி, கொய்யா ஆகியவற்றின் வேர்களும் கிளைகளும் ஏற்றவை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் கட்டை வேண்டாம். பச்சை மரமும், பால் வடியும் எருக்கும் கள்ளியும், நஞ்சுடைய அரளியும் கூடா. பூச்சிகளைக் கொல்லும் வேம்பின் சத்து மீனுக்கும் தீங்கு செய்யும். வார்னிஷ், பெயின்ட் பூசிய பழைய மரச்சாமான்களைத் தொடவே வேண்டாம்.

கட்டை கிடந்த இடத்தையும் பார்க்க வேண்டும். மரம் நீரை மட்டுமின்றி, நீரில் கரைந்தவற்றையும் உறிஞ்சுகிறது. பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதை நாம் அறிவோம். நம் ஊர் வேகவதியிலோ நகரக் கழிவுநீர் கலக்கிறது. இத்தகைய இடங்களிலும், சாயநீர் ஓடும் வாய்க்கால்களிலும் கிடந்த கட்டை வேண்டாம். குரோமியம் போன்ற உலோகங்களைக் கொதிக்க வைத்து முற்றும் போக்கிவிட முடியாது. கண்ணால் கண்டறியவும் இயலாது.

பக்குவப்படுத்தும் முறை

1. பட்டையை முழுதும் உரித்து, சொத்தையைச் செதுக்கி, கெட்டியான பிரஷ்ஷால் நீரில் தேய்த்துக் கழுவுக. சோப்பும் பிளீச்சிங் பவுடரும் கூடா. மரம் அவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும்.

2. சமையலுக்குப் பயன்படாத அலுமினியம் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில், கட்டை மூழ்க நீர் விட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்குக. பெரியவர் ஒருவர் உடனிருத்தல் அவசியம்.

3. அடுப்பை அணைத்து, கட்டையை அதே நீரில் ஆறவிடுக. சூட்டில் விரிந்த காற்று குமிழியாக வெளியேறும்; ஆறும்போது நீர் உள்ளே இழுக்கப்படும். கொதிநீர் நத்தை முட்டைகளையும் பூச்சிகளையும் அழிக்கும்.

4. நீர் தேநீர் நிறமாகியிருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் மீண்டும் இருமுறை கொதிக்க வைக்குக.

5. பின்னர் ஒரு வாளி நீரில், மேலே கல் வைத்து அமிழ்த்தி, நாள்தோறும் நீர் மாற்றி இரண்டு வாரம் ஊறவிடுக. கல்லை எடுத்தபின்னும் மிதந்தால் இன்னும் ஊற வேண்டும்.

பட்டு நெய்யும் ஊரில் பிறந்த நமக்கு இது புதிதன்று. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு, அதன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கான பசையை நீக்கிய பின்னரே சாயம் ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டால் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது. இங்கே அவசரப்பட்டால் மீன் துன்புறும்.

அந்தப் பழுப்பு நிறம் எது?

அதுவே ‘டானின்’ என்னும் துவர்ப்புப் பொருள். தேயிலையிலும், கடுக்காயிலும், தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையிலும் இருப்பது. இரும்போடு சேர்ந்தால் இது கறுக்கும். கட்டையை இரும்புச் சட்டியில் வேகவைக்கக் கூடாது என்பது இதனால்தான். கலம்காரித் துணியின் கறுப்பு வண்ணமும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து உண்டாவதே.

டானின் நீரைச் சற்று அமிலமாக்கும். அமேசான் பகுதிக் கருநீர் ஆறுகளிலிருந்து வந்த நியான் டெட்ரா அதைத் தாங்கும். மோலி மீனோ உப்புச்சத்துள்ள கடின நீரையே விரும்பும். கிணற்று நீரின் கடினத்தன்மை இம்மாற்றத்தைத் தடுக்கும். மழைநீரில் மாற்றம் விரைந்து நிகழும்.

தொட்டியில் இட்ட பின்

முதல் சில வாரங்களில் கட்டையின்மேல் வெண்மையான வழவழப்பு படரலாம். பெரும்பாலும் இது தீங்கற்ற பூஞ்சையும் பாக்டீரியாவுமே, துடைத்துவிட்டால் போதும். ஆனால் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தாலோ, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தாலோ, உடனே கட்டையை எடுத்துவிட்டு, தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றுக. மீன்களை விடுமுன் ஒரு வாரம் கட்டையை மட்டும் தொட்டியில் வைத்துப் பார்ப்பது எல்லாவற்றினும் நன்று.

செய்து பார்ப்போம்

1. கட்டை ஊறிய நீரில் சில துளி பெரிக் குளோரைடு கரைசலை ஆசிரியை முன்னிலையில் சேர்க்க. நிறம் எவ்வாறு மாறுகிறது? தேநீரிலும் இதையே செய்து ஒப்பிடுக.

2. கட்டையை நாள்தோறும் நீர் வடித்து நிறுத்து எழுதுக. எந்த நாளில் எடை கூடுவது நிற்கிறது? அன்று கட்டை மிதந்ததா, மூழ்கியதா?

3. வேலிக்கம்பம் மண்மட்டத்தில் மட்டும் முதலில் இற்றுப்போவது ஏன்?