தட்டான் தேடப் போகிறவருக்கு

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளங்களில் தட்டான்களைப் படமெடுத்துப் பழகிவிட்டேன். இனி மலையோடைகளில் மட்டுமே இருக்கும் அபூர்வ வகைகளைத் தேட ஆசை. பொங்கல் விடுமுறையில் பாபநாசம் போய்ச் சுற்றியும், கடம்பாகுளத்தில் பார்க்கிற அதே தட்டான்கள்தான் கண்ணில் பட்டன. எங்கே, எப்போது, எப்படித் தேட வேண்டும்? வலை கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: வலை வேண்டாம். நீங்கள் போகக்கூடிய மலையோடைகள் பெரும்பாலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருபவை. அங்கே அனுமதியில்லாமல் பூச்சி பிடிப்பதும் குற்றம். கேமரா போதும்.

நீங்கள் போன இடத்தில் தவறில்லை, மாதம்தான் தவறு. தட்டான் தன் ஆயுளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள் இளம்பூச்சியாகவே கழிக்கிறது. மலையோடை வகைகள் சிலவற்றுக்கு அதுவே ஓராண்டைத் தாண்டிவிடும். இறக்கையோடு வெளியே திரிவது சில வாரங்கள்தான். குளத்து வகைகள் பல, ஆண்டு முழுக்க மாறி மாறி வந்துகொண்டிருக்கும். மலை வகைகள் பலவும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, மே கடைசியிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் வந்து போய்விடும். பொங்கலுக்குப் போனவர் காலடியில், மணலுக்குள்ளும் கல்லடியிலும் அவை இருந்திருக்கும். 'அபூர்வம்' என்று எழுதப்பட்ட வகைகளில் பாதிக்கு, மழையில் நனைய யாரும் போகாததுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்தது வெளிச்சம். குளத்தில் வெயிலைப் பார்த்துத் தேடிப் பழகிய கண், ஓடையிலும் வெயில் விழும் இடத்துக்கே போகும். அங்கே பாறைமேல் சிவந்த உடலும் கறுத்த பின்னிறக்கையுமாக உட்காரும் ஊசித்தட்டான் ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டுமே வாழும் வகை அது. கிடைத்தால் நல்ல வேட்டைதான். ஆனால் உண்மையான அபூர்வங்கள் இருட்டில் இருக்கின்றன. பாறையிடுக்கில் நீர் கசியும் இடம், ஓடையின்மேல் கவிந்த வேர்கள், தாழ்ந்த செடிகளின் அடிப்பக்கம் என்று பாருங்கள். புரோட்டோஸ்டிக்டா இனத்து ஊசித்தட்டான்கள் நூலிழை உடலோடு அங்கே தொங்கும். வால்நுனிக்கருகே உள்ள வெளிர்த் திட்டு அசையும்போதுதான் ஒன்று இருப்பதே தெரியும். நடந்துகொண்டே தேடினால் தென்படாது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். இடியோனிக்ஸ் இனத்துத் தட்டான்கள் மழைக்காலத்தில், மரநிழலின் மங்கிய வெளிச்சத்தில் பறப்பவை.

தட்டானே கிடைக்காவிட்டாலும் அது கழற்றிப்போட்ட தோல் கிடைக்கும். தண்ணீர் விளிம்புப் பாறையிலும் வேரிலும் பாம்புச் சட்டைபோல ஒட்டியிருக்கும். அந்த ஓடையில்தான் அது வளர்ந்தது என்பதற்கு, பறந்துபோன தட்டானைவிட நம்பகமான சாட்சி அது. படமெடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

தொடங்குவதற்குக் களக்காடு தலையணை நல்ல இடம். வனத்துறையே மக்களை அனுமதிக்கும் பகுதி; வெள்ளக் காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். குளிக்கும் துறையிலிருந்து விலகி, அனுமதித்த எல்லைக்குள் ஓடையின் மேற்பகுதியில் பாருங்கள். சோப்பும் ஷாம்பூவும் கலந்த தண்ணீரில் இளம்பூச்சி தங்காது. பாபநாசத்திலும் குளிக்கும் துறையில், ஆற்றில் விட்ட பழந்துணிகளுக்கு இடையே அபூர்வத்தைத் தேடுவது வீண்வேலை.

ராணுவ மருத்துவரான எஃப்.சி. ஃப்ரேசர், இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933, 1934, 1936 ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதினார். வகையை அடையாளம் காண இன்றும் அவற்றைப் புரட்டாமல் வேலை நடப்பதில்லை. அதற்குப் பிறகும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, அகத்தியமலையிலிருந்தே கூட, புது வகைகள் வந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் எடுக்கும் படம் எதுவென்று தெரியாமல் போவதில் வெட்கமில்லை. பக்கவாட்டில் நெஞ்சுப் பகுதி ஒன்று, மேலிருந்து இறக்கை ஒன்று, வால்நுனிக் கொக்கிகள் தெளிவாக ஒன்று என மூன்று படமாவது வேண்டும். பல வகைகளை அந்தக் கொக்கியை வைத்துத்தான் பிரிக்கிறோம். வால்நுனி விழாத படத்தை அனுப்பி, பெயர் சொல்லுங்கள் என்று மட்டும் யாரையும் நச்சரிக்காதீர்கள்.