கட்டடத்துக்குப் பங்குப்பணம்: ஆன்லைனில் கேட்கும் முன்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நாலைந்து வீடு கட்டி விற்க மனை இருக்கிறது, பணம்தான் குறைகிறதா? ‘மாதம் 2 சதவீதம் உறுதி’ என்று முகநூலில் போட்டுவிடாதீர்கள். அப்படிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை கேட்டு விளம்பரம் செய்தாலே, முறைப்படுத்தப்படாத வைப்புத்திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை.

தெரிந்தவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்து, பதிவு செய்த கூட்டு நிறுவனமோ எல்.எல்.பி.யோ (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) தொடங்குவது நேர்வழி. லாபத்தோடு நட்டத்திலும் பங்கு என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். அதற்குத் தயங்குகிறவர் பணம் வேண்டாம். 500 சதுர மீட்டர் (12 சென்ட்டுக்குச் சற்று மேல்), 8 வீடு என்ற வரம்பைத் தாண்டும் திட்டமென்றால், ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுக்கு முன் விற்பனை விளம்பரமும் கூடாது.

வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி மூன்றையும் தயாராக வையுங்கள். இங்கே நாலாவதாக ஒன்றும் உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்ததைத் துபாயில் இருப்பவரும் கைபேசியில் பார்த்திருப்பார். உங்கள் மனையில் தண்ணீர் எதுவரை ஏறியது, தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தப்போகிறீர்கள் என்று அவர் கேட்குமுன் படத்தோடு சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகள் தனி. ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உள்ளூர்ப் பணமோ, வங்கி வழியாக மட்டும்.