படகேறும் முன்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. வன்னியம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் வளரும் நமக்குக் கண்மாயும் கிணறும்தான் பழகிய நீர்நிலைகள். மேற்கே தெரியும் மலைத்தொடருக்கு அப்பால், கேரளத்திலோ, கடல் மட்டத்துக்கும் கீழான நிலத்தில் நெல் விளைவிக்கும் குட்டநாடு இருக்கிறது. அங்கே கால்வாயே தெரு, படகே பேருந்து. விடுமுறையில் பெற்றோருடன் அங்கு சென்றுவர நம்மில் பலருக்கும் ஆசை. ஆசை மட்டும் போதுமா? ஆயத்தமும் வேண்டுமல்லவா?

முதலில் வழியை அறிவோம். இராஜபாளையத்தில் இரயிலேறினால் செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் சேரலாம். கொல்லத்திலிருந்து ஆலப்புழை வழியாகக் கோட்டப்புரம் வரை செல்லும் 168 கிலோமீட்டர் நீர்வழி, 1993-இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. ஆலப்புழையில் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகுகள் ஓடுகின்றன; கட்டணம் குறைவு. தங்கிச் செல்லக் கெட்டுவள்ளங்கள் உண்டு. ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய இவ்வகை வள்ளங்கள் முன்பு நெல் சுமந்தன. ஜூன் மாதம் பெருமழை தொடங்கிவிடும். ஆகவே நமக்கு அரையாண்டு விடுமுறையே ஏற்ற காலம்.

இனி மூட்டை கட்டுவோம். பெரிய பெட்டிகள் வேண்டாம். ஆளுக்கொரு துணிப்பை போதும். விரைவில் உலரும் பருத்தி உடைகள் இரண்டு, துண்டு, தொப்பி, எளிதில் கழற்றும் செருப்பு, கைவிளக்கு, கொசுவலை அல்லது கொசுத் தைலம், வழக்கமான மருந்துகள் ஆகியவற்றை நெகிழிப் பையில் சுற்றி வைக்க வேண்டும். புளியோதரையும் வறுகடலையும் வழிக்கு உதவும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை முதல் நாளே பகிர்ந்து உண்டுவிடுவது நல்லது! சுற்றிலும் நீர் இருந்தாலும் அது குடிக்கத் தக்கதன்று. எனவே குடிநீர் அவசியம்.

குப்பைக்கென ஒரு காலிப் பையும் வேண்டும். வயலுக்குள் உப்புநீர் புகாதிருக்க, டிசம்பர் வாக்கில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை மூடுவார்கள். அப்போது நாம் எறியும் குப்பை கடலுக்குப் போகாது. அதே நீரில் பாத்திரம் கழுவும் தாய்மாரின் வாசலிலேயே தேங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பையில் அடங்காது. அதுதான் விழிப்பு. மலைக்கு அப்பாலுள்ள தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தானூரில் 2023 மே 7 அன்று, இருட்டும் வேளையில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். படகு கவிழ்வது ஏன்? பாரம் கீழே இருந்தால் படகின் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, படகு நிலையாக மிதக்கும். பலர் மேல்தளத்தில் ஏறினால் அம்மையம் உயரும். பறவையைக் காண அனைவரும் ஒரே பக்கம் ஓடினால் பாரம் அப்பக்கம் சாயும், படகும் சாயும். அறிவியல் பாடம் இங்கே உயிர்காக்கும் பாடமாகிறது.

ஆகவே படகேறுமுன் நான்கு கேள்விகள் கேட்போம். எத்தனை பேருக்கு அனுமதி? அனைவருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? சிறுவர் அளவிலும் இருக்கிறதா? இருட்டுமுன் கரை சேருமா? பெண்பிள்ளை இப்படிக் கேட்கலாமா என்று நாம் தயங்க வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது, கேட்கத் தெரியுமே! பதில் சரியில்லையென்றால் அடுத்த படகுக்குக் காத்திருப்போம். பெற்றோரே, அவ்வேளையில் எங்கள் பக்கம் நில்லுங்கள்.

நோவா இறைவனை முழுமையாக நம்பியவர். ஆயினும் மழை வருமுன்னே பேழையைக் கட்டி, உணவையும் சேர்த்து வைத்தார். நம்பிக்கையும் முன்னேற்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல. செபத்தோடு புறப்படுவோம், லைஃப் ஜாக்கெட்டையும் அணிந்துகொள்வோம்!