எதிர்நாட்டின் நாற்காலி

அன்பு மகளே,

ஸ்ட்ராஸ்பர்க்கில் நடக்கும் ஐரோப்பிய ஒருங்கிணைப்புக் கருத்தரங்குக்கு நீ தேர்வாகியிருப்பதாக உன் அம்மா சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். போவதற்குள் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். 1951இன் பாரிஸ் உடன்படிக்கை, 1957இன் ரோம் உடன்படிக்கை, எந்த நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே சொல்லித் தருவார்கள். வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைப்பதற்கு அரசாங்கங்கள் ஏன் பணம் செலவழிக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு போ. அது தெரியாவிட்டால் இந்தப் பயணம் வெறும் ஊர் சுற்றலாக முடிந்துவிடும்.

1870, 1914, 1940 என எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டன. முதல் உலகப் போரில் காயம்பட்டு ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர் முடியும்வரை கைதியாக இருந்தவர் சார்லஸ் டி கால். அவரே பிரான்சின் அதிபராக 1962 செப்டம்பரில் லுட்விக்ஸ்பர்க் நகருக்குப் போய், ஜெர்மானிய இளைஞர்கள் முன்னால் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். அடுத்த ஜனவரி 22ஆம் தேதி அவரும் ஜெர்மனியின் அடெனாவரும் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். வெளியுறவு, பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் சமமாக அதில் இடம் பெற்ற மூன்றாவது விஷயம் கல்வியும் இளைஞர்களும். அதே ஆண்டு ஜூலையில் இரு நாடுகளுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகம் ஒன்று உருவானது. அதன் வழியாக இதுவரை எல்லை தாண்டிப் போய்வந்தவர்கள் 90 லட்சத்துக்கும் மேல். மேற்கு பால்கன் நாடுகள் ஆறும் சேர்ந்து 2016இல் அதைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்றை அமைத்துக்கொண்டன.

ஆனால் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படம் எடுத்துக்கொண்டால் மட்டும் பகை கரைந்துவிடாது அம்மா. சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலை வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சான்று, எலிசே உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டில், 2003 ஜனவரியில், பெர்லினில் கூடிய இளைஞர் நாடாளுமன்றம். பள்ளிப் பிள்ளைகள்தாம் உறுப்பினர்கள். இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் ஒரே வரலாற்றுப் பாடப்புத்தகம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பெரியவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடவில்லை. 2006இல் முதல் தொகுதி வெளிவந்தது. ஒரே புத்தகம், ஒன்று பிரெஞ்சில், ஒன்று ஜெர்மனில். இரண்டு நாட்டு ஆசிரியர்களும் எழுதும்போது எங்கே முட்டிக்கொண்டார்கள் தெரியுமா? உலகப் போர்களைப் பற்றி அல்ல. 1945க்குப் பிறகு ஐரோப்பாவில் அமெரிக்காவின் பங்கு என்ன, பொதுவுடைமையை எப்படி மதிப்பிடுவது என்பதில்தான். அந்தப் புத்தகம் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் எங்கே உண்மையில் வேறுபடுகிறோம் என்பதை இரு தரப்பும் கண்டுகொண்டதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. அறையில் உன் பக்கத்தில் இருப்பவரோடு அப்படி ஓர் இடத்தைத் தேடு. எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறோம் என்று முதல் நாளே முடிவு கட்டிவிடாதே.

ஒரு நாட்டு மாணவர்கள் வேறொரு ஐரோப்பிய நாட்டில் படித்துவர வழிசெய்யும் எராஸ்மஸ் திட்டத்தின் கதையையும் கேட்டுக்கொள். இத்தாலியின் சோஃபியா கொர்ராதி 1958இல் அமெரிக்காவில் சட்டத்தில் முதுகலை முடித்துத் திரும்பியபோது, ஊரில் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் படித்ததைச் சொந்த நாடு ஏற்க வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். 1987இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு எராஸ்மஸ் தொடங்கியது. வேறொரு நாட்டில் படித்ததற்கான மதிப்பெண் இன்று மாணவர்களின் கணக்கில் சேர்கிறது என்றால் அதன் பின்னால் அந்த வாதாட்டம் இருக்கிறது. ஆனால் கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இது இன்னமும் எளிது. உதவித்தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எட்டாத ஊர்கள் உண்டு. வராதவர்களைப் பற்றியும் அங்கே கேள்வி எழுப்பு.

இந்தக் கருத்தரங்குகளில் முக்கியமான பகுதி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றத்தை நடித்துப் பார்ப்பதுதான். பெரும்பாலும் உன் நாடாக இல்லாத ஒரு நாட்டுக்காகத்தான் பேச வேண்டியிருக்கும். உனக்கு மால்டா வந்துவிட்டால் முகம் சுளிக்காதே. அதன் மக்கள்தொகை ஐந்தரை லட்சம் அளவுதான். ஜெர்மனிக்கோ எட்டு கோடிக்கு மேல். அந்த மன்றத்தில் சாதாரண சட்டம் நிறைவேற ஒன்றியத்தின் 27 நாடுகளில் குறைந்தது 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அவற்றில் மொத்த மக்களில் 65 சதவீதம் பேராவது வாழ வேண்டும். அங்கே மால்டாவின் எடை குறைவு. வரி, வெளியுறவு என்று வந்தாலோ பெரும்பாலும் ஒருமித்த முடிவு தேவை. அங்கே மால்டாவின் 'முடியாது' ஜெர்மனியின் 'முடியாது'க்குச் சமம். சிறிய நாட்டின் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அந்தச் சமத்துவத்தை அவர்கள் ஏன் உயிரைப் போல் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது புரியும். பெரிய நாட்டின் இடம் கிடைத்தால் அதே விதி எவ்வளவு எரிச்சல் தரும் என்பதும் புரியும். ஐரோப்பியக் கட்டமைப்பின் சிக்கல் முழுதும் இந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

நீ அங்கே வெறுங்கையோடு போகவில்லை. நம்முடைய ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பதை அவர்களிடம் சொல். 2011 கணக்கெடுப்பில் 7.2 கோடி மக்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கும், 6.1 லட்சம் மட்டுமே கொண்ட சிக்கிமுக்கும் அங்கே ஒரே எடை. இது நியாயமா என்று மால்டாக்காரரையும் ஜெர்மானியரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்.

ஓய்வு நேரத்தில் குடியரசுச் சதுக்கத்துக்குப் போ. 1871இலிருந்து 1944 வரை பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நான்கு முறை கை மாறிய நகரம் ஸ்ட்ராஸ்பர்க். அந்தச் சதுக்கத்தில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் ஒரு தாய், இறந்துகொண்டிருக்கும் இரண்டு மகன்களைத் தாங்கியிருப்பாள். ஒருவன் பிரான்சுக்காகவும் ஒருவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவன். இருவர் உடலிலும் சீருடை கிடையாது. கீழே "நம் இறந்தோர்க்கு" என்ற பொருளில் எழுதியிருக்கிறார்களே தவிர, எந்த நாட்டுக்காக என்று எழுதவில்லை. அதைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால் வாக்குச் சதவீதக் கணக்கு வறட்டுக் கணக்காகத் தோன்றாது.

மாலை வேளையில் நம் ஊர்க்காரர்களோடு மட்டும் சேர்ந்து நிற்காதே. பல உடன்பாடுகள் காபி இடைவேளையில்தான் முடிவாகின்றன. எந்த நாட்டின் இடம் உனக்குக் கிடைத்தது, யாரோடு முட்டிக்கொண்டாய் என்பதைக் கருத்தரங்கு முடிந்தவுடன் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா