கரிசல் காட்டுக் குடும்பத்துக்கு எந்தப் பழைய வண்டி?

கடம்பூர்ப் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்தது எத்தனை பேர் உட்காரலாம் என்பது. அதற்கும் முன்னால் பாதையைப் பாருங்கள். கோவில்பட்டி, கயத்தாறு வழியாக திருநெல்வேலிக்குப் போகும் நான்குவழிச் சாலையா, ஐப்பசி மழையில் டயர் வெட்டெல்லாம் களிமண் அப்பி வழுக்கும் குலதெய்வக் கோயில் பாதையா? வண்டியைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான்.

மாருதி ஆம்னி
1984-ல் 'மாருதி வேன்' என்று வந்தது. 2019-ல் உற்பத்தி நின்றது. தாழ்ந்த தளமும் தள்ளுகதவும் வயதானவர்களுக்குப் பெரிய வசதி. சின்ன எஞ்சின், 796 சி.சி. பெட்ரோல். அது முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சித்திரையில் சூடு ஏறும். மோதினால் ஓட்டுகிறவர் காலுக்கு முன்னால் தாங்க எதுவும் இல்லை. ஊருக்குள் ஓட்டவும் கடைச் சரக்கு ஏற்றவும் போதும். நான்குவழிச் சாலைக்கு வேண்டாம். வீட்டு சிலிண்டர் மாட்டி ஓட்டிய வண்டியைத் தொடவே தொடாதீர்கள்.

டாடா சுமோ
1994-ல் வந்த சுமோவில்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பல, மொட்டை போடவும் பெண் பார்க்கவும் மொத்தமாகக் கிளம்பின. அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் ஆரம்பகால 2 லிட்டர் டீசலுக்கு டர்போ கிடையாது. ஆள் நிறைந்தால் திணறும். வாங்குவதானால் டர்போ வைத்த பிந்தைய மாடலைத் தேடுங்கள்.

டொயோட்டா குவாலிஸ்
2000 முதல் 2005 வரை மட்டுமே வந்தது. 2.4 லிட்டர் டீசல் வேகம் காட்டாது, உழைப்பில் குறை வைக்காது. திருச்செந்தூர், குற்றாலம் என்று தார்ச்சாலையில் போகும் பெரிய குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். எல்லாமே வயதான வண்டிகள் என்பதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மஹிந்திரா பொலிரோ
2000-ல் வந்தது, இன்றும் தயாராகிறது. அதனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், குலுக்கும்; மேடுபள்ளத்துக்கு அஞ்சாது. காடும் தோட்டமும் உள்ளவர்களுக்கு இதற்கு ஈடில்லை. ஆனாலும் அடைமழையில் எந்த வண்டியையும் கரிசலுக்குள் இறக்காதீர்கள். தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

வாங்குமுன்
• சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள்.
• தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியா? அடியில் படுத்து சேஸில் துரு பாருங்கள்.
• காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள்.
• பக்கவாட்டு சீட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்நோக்கிய, பெல்ட் உள்ள இடங்களை மட்டும் எண்ணுங்கள்.

குழந்தைகளை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று யோசித்தால் பாதி வண்டிகள் தாமாகக் கழிந்துவிடும். மீதியில் உங்கள் ஊர் மெக்கானிக் பழகிய வண்டியை எடுங்கள்.