துப்பறிவாளர் வீட்டுச் சமையல்

கேள்வி: துப்பறியும் கதைகளை வைத்துச் சமையல் புத்தகம்கூட வந்திருக்கிறதாமே? அதைப் பார்த்துச் சமைக்க முடியுமா?

பதில்: தாராளமாக! எனக்கு மிகவும் பிடித்தது, 1973-இல் வந்த 'நீரோ உல்ஃப் குக்புக்'. அமெரிக்க எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட் படைத்த துப்பறிவாளர் உல்ஃப், நியூயார்க் வீட்டை விட்டு லேசில் கிளம்பமாட்டார். சாப்பாட்டு மேஜையில் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். சமையல்காரர் ஃப்ரிட்ஸின் கைப்பக்குவம் அப்படி.

1938-இல் வந்த 'டூ மெனி குக்ஸ்' நாவலைப் படித்துவிட்டு இந்தப் புத்தகத்தைத் திறந்தால் ருசி கூடும். அந்த நாவலில் கொலைப்பழியில் மாட்டிய சமையல் நிபுணரை உல்ஃப் காப்பாற்றுகிறார். கூலியாகப் பணம் கேட்கவில்லை. அந்த மனிதர் யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த 'சொசீஸ் மினுயி' என்ற சாசேஜின் செய்முறையைக் கேட்கிறார்! அதுவும் இந்தச் சமையல் புத்தகத்தில் இருக்கிறது.

முதல் முயற்சிக்கு முட்டைப் பொரியலே போதும். உல்ஃப் கணக்குப்படி அதற்கு 40 நிமிடம். மிக மெல்லிய சூடு, நிறையப் பொறுமை. தீயைக் கூட்டினீர்களோ, முட்டை ரப்பராகிவிடும்.

பிரெஞ்சுச் சமையல் பிடிக்குமென்றால், எழுத்தாளர் சிமெனோன் படைத்த இன்ஸ்பெக்டர் மெக்ரேயின் மனைவி பெயரிலும் ஒரு புத்தகம் உண்டு. தொகுத்தவர் ராபர்ட் கூர்த்தீன்.