மேலே பார்க்கப் பழகும் பிள்ளைக்கு

பிள்ளை,

புதுக் கமரா வாங்கியிருக்கிறாய், விடுமுறைக்குத் திரியாய்க்கு வந்து சூரிய உதயம் எடுக்கப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கேட்டதும் மனம் குளிர்ந்தது. இந்தக் கரையோரத்தில் நாற்பது வருடமாக வானம் பார்த்தவன் நான். கையில் நல்ல படம் கொஞ்சம், நெஞ்சில் பிழை நிறைய. கமராவின் கணக்கெல்லாம் உனக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

1. சூரியனுக்கு முன்னால் போய் நில். நம் ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் அதிகம் சரியாமல் நேரே மேலே ஏறும். விளிம்பு தெரிந்து முழு வட்டமும் கடலை விட்டுக் கழல இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஆகும். நிறங்களெல்லாம் அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் வந்து போய்விடும். இளவயதில் நான் சைக்கிளை மிதித்துக் கரைக்கு வரும்போது சூரியன் ஒரு பனை உயரத்தில் நிற்கும். "இன்றைக்கு வானம் சரியில்லை" என்று திரும்பிவிடுவேன். பிந்தியது நான், பழி வானத்துக்கு. செட்டியைக் கெடுத்த வெள்ளி என்று கேள்விப்பட்டிருப்பாய். வேறொரு வெள்ளியை விடிவெள்ளி என்று நம்பி நடுச்சாமத்தில் வழிக்கிறங்கிக் கள்ளரிடம் பொருளைப் பறிகொடுத்தவர் கதை. உனக்கு அப்படி நேரம் முந்திப்போனால் நட்டமில்லை. விடியும்வரை நட்சத்திரம் பார்க்கலாம்.

2. அந்தியில் கிழக்கே திரும்பு. சூரியன் நமக்கு வயலுக்கும் காட்டுக்கும் பின்னால் மறைகிறது. அதனால் மாலையானால் கமராக்காரர் எல்லாம் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நின்றேன். கரைவலைச் சம்மாட்டி ஒருவர்தான் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "இருட்டு எங்கேயிருந்து வருகுது, பார் தம்பி" என்றார். பார்த்தேன். சூரியன் மறைந்து சில நிமிடத்தில் கடல் விளிம்பில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழுந்தது. அதற்கு மேலே ரோசா நிறத்தில் இன்னொரு பட்டை. கீழே இருப்பது பூமியின் நிழல், பிள்ளை! நாம் நிற்கும் இந்த மண்ணின் நிழலே காற்றில் விழுந்து கடலுக்கு மேலே ஏறிவருகிறது. பறுவத்தன்று வந்தாயானால் அந்தப் பட்டைக்குள்ளிருந்தே நிலவு எழும்பும். மறுநாள் நிலவு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்திவிடும், அந்தக் காட்சி கிடைக்காது. அந்தச் சம்மாட்டி ஒரு நாளும் கமரா தொட்டவரல்ல. கரையில் உனக்கு ஆசான்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் வணக்கம் சொல்.

3. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போ. மார்கழியில் தென்கிழக்கே உதிக்கும் சூரியன் ஆனியில் வடகிழக்கே உதிக்கும். கரையில் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு வருடம் முழுக்கப் பார்த்தால்தான் அந்த நடை விளங்கும். கச்சான் வீசும் மாதங்களில் கடல் தட்டையாகக் கிடக்கும். மாரியில் பத்து நாள் போனால் எட்டு நாள் மேகம்தான். போ. மழைக்குமுன் வரும் வெளிச்சத்தை நான் வேறெந்தக் காலத்திலும் கண்டதில்லை.

4. வானம் காட்டுவதற்குக் காரணம் தேடு. 1991இன் கடைசியில் அகதி முகாமில் இருந்தோம். மாலைகள் வழமைக்கு மீறிச் சிவந்தன. சிவப்பு அடங்கியபின்னும் ஊதா நிறம் நெடுநேரம் நின்றது. கெட்ட குறி என்றார்கள் பெரியவர்கள். இழக்க இன்னும் என்ன இருக்கிறது என்று நானும் அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஜூன் மாதத்தில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, அதன் கந்தகப் புகை மேல்வானத்தில் நுண்துளிகளாக உலகெங்கும் பரவியிருந்தது என்று பிறகு படித்தேன். அறியாமல் அஞ்சியதால் வாழ்நாளில் ஒருமுறை வந்த அந்திகளைப் பாராமல் விட்டேன்.

5. நிழலுருவத்தில் மயங்காதே. இதைச் சொல்ல எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பறுவ நாள். விடியற்காலையில் குச்சவெளிக் கரையில் நின்றேன். மேற்கே நிலவு இறங்க, கிழக்கே சூரியன் ஏற, இரண்டு பேர் தோணி தள்ளினார்கள். செஞ்சூரியனுக்கு முன்னால் கன்னங்கரிய இரண்டு உருவம். ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பை எடுக்கவில்லை, அழகு கெட்டுவிடும் என்று அவன் திரும்பும்வரை காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்த சற்று நேரத்தில் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. இருவரில் ஒருவன் திரும்பவில்லை. அவன் வீட்டில் இருந்த படமெல்லாம் அலையோடு போய்விட்டது. சில வாரம் கழித்து அவன் தாய் வந்து, "கடைசியாய் நீங்கள் எடுத்தீங்களாமே, ஒரு படம் தாங்கோ ராசா" என்று கேட்டா. கொடுத்தேன். கறுப்பு உருவத்தில் முகத்தைத் தேடி விரலால் தடவிக்கொண்டே இருந்தா.

அன்றிலிருந்து யாரை வானத்துக்கு முன்னால் நிறுத்தி எடுத்தாலும், சுற்றி வந்து வெளிச்சம் விழும் பக்கமாக இன்னொன்றும் எடுப்பேன். அதை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். நீயும் செய்.

6. கண்ணைக் காத்துக்கொள், நிலத்தையும் பார். 2019 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலையின் பதினைந்தாம் ஆண்டு. அதே காலையில் நம் பகுதிக்கு மேலே கங்கண சூரிய கிரகணம். வருடாவருடம் நாடு முழுவதும் செய்வதுபோல 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். தலை நிமிர்ந்து சில நிமிடத்தில் சந்திரன் சூரியனுக்குள் முழுதாய்ப் புகுந்து விளிம்பு மட்டும் மோதிரமாய் மிஞ்சியது. அதற்கென்று செய்த கண்ணாடியும் லென்ஸுக்குச் சூரிய வடிகட்டியும் இல்லாமல் ஒரு கணமும் பார்க்கக்கூடாது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் கண் நொடியில் போய்விடும், வலிகூடத் தெரியாது. என்னிடம் வடிகட்டி இல்லை. அதனால் குனிந்தேன். கரையோர வேம்பின் கீழே மணலில் நூறு, இருநூறு ஒளி மோதிரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு ஓட்டையும் ஊசித்துளைக் கமரா ஆகிச் சூரியனின் உருவத்தை நிலத்தில் போடுகிறது. அந்த மோதிரங்களுக்கு நடுவே ஒரு கிழவி, சாமி படத்துக்குப் போட்டதுபோக மிஞ்சிய பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தா. அருகே போய் அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். நான் எடுத்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன். அதில் வானமே இல்லை.

7. கேட்டுவிட்டு எடு. யுத்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் என் கமராவைத் திறந்து பிலிமை வெளிச்சத்தில் இழுத்துவிட்டார்கள். மூன்று மாத வானம் வெளுத்துப்போனது. இன்றும் காவலரண் பக்கம் லென்ஸைத் திருப்பாதே. நம் ஊர்க் கந்தசாமி மலைக்கு ஏறினால் உச்சியில் கல்தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த பழைய பௌத்த தூபி இருக்கிறது. செருப்பைக் கழற்று. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படத்துக்கு நிற்காதே. இன்னொருவர் கும்பிடும் இடத்தில் அவசரப்படாமல் நட.

8. படத்தின் பிரதியை இன்னொரு வீட்டிலும் வை. 1985இல் ஊர் எரிந்தபோது என் நெகட்டிவ் பெட்டியும் எரிந்தது. சூரியன் மறுபடி உதித்தது. அந்தப் படங்களின் ஓரத்தில் தற்செயலாய் விழுந்திருந்த வீடுகளும் மாடுகளும் மாமரமும் வரவில்லை.

9. கமரா இல்லாமலும் ஒரு நாள் வா. சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய ஓரிரு நாளில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் வரும். பகல் பன்னிரண்டு கழிந்து ஏழெட்டு நிமிடத்தில் நெட்டாக நிற்கும் எதற்கும் பக்கத்தில் நிழல் இருக்காது. அம்மம்மாவின் உலக்கையை முற்றத்தில் நிறுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்குக் கை நடுங்குகிறது. நீ பிடி, நான் குந்தியிருந்து நிழலைப் பார்த்துச் சொல்கிறேன்.